இறைச்சி ஏறாத கறிச்சட்டி: மலையகச் சமையலறைக் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது ஹட்டன் டவுனில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். பதினொரு வருடமாக எங்கள் வீட்டு அடுப்பில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் ஏறவில்லை. பிள்ளைகள் இதை வீகன் என்கிறார்கள், நனிசைவம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. கறிக்குப் பதில் எதைப் போடுவது, அதைப் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட என்ன செய்வது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, நான் சோயா மீட் வச்சா வீட்ல யாரும் தொடுறதில்ல. ஒரு பச்சை வாடை அடிக்குது. உப்பு உறைப்பும் உள்ள ஏறுறதில்ல. எங்க பிழை விடுறேன்?

தங்கச்சி, பிழை பிழிவதில் இருக்கிறது. சோயா மீட் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மற்றது தானாக விளங்கும். எண்ணெய் எடுத்த சோயா மாவைத் தண்ணீர் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் சின்னத் துளை வழியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விடுபட, உள்ளே இருக்கிற நீராவி அதைப் பொங்க வைக்கிறது. அப்படித்தான் அந்தப் பஞ்சு மாதிரி உடம்பு வருகிறது. பஞ்சு முதலில் எதைக் குடிக்கிறதோ அதையே பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டால் பிறகு உங்கள் குழம்புக்கு உள்ளே இடம் இல்லை.

கொதித்த தண்ணீரில் உப்புப் போட்டு 15 நிமிடம் ஊறவையுங்கள். பிழியுங்கள். நுரையோடு மஞ்சள் தண்ணீர் வரும், வாடை முழுக்க அதில்தான் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடி பிழியுங்கள். மூன்றாம் முறை தண்ணீர் தெளிவாக வரும். கடைசியாக இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, சொட்டு விழாத அளவுக்கு அழுத்துங்கள். நான் முதல் தடவை ஊறவைத்த தண்ணீரோடேயே சட்டியில் கொட்டினேன். சட்டி முழுக்க அந்த வாடை ஏறி, அன்று எல்லாரும் வெறும் பருப்போடு சாப்பிட்டார்கள்.

பிழிந்ததில் இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி பிரட்டி அரை மணித்தியாலம் வையுங்கள். இப்போது அந்தப் பஞ்சு இதைத்தான் குடிக்கும். பிறகு தேங்காய் எண்ணெயில் போட்டுப் பிரட்டுங்கள். ஆரம்பத்தில் ஈரச் சத்தம் கேட்கும். அது அடங்கி ஓரங்கள் சிவந்து மொறுமொறுக்கிற சத்தம் வந்த பிறகே வெங்காயம், ரம்பை, கருவேப்பிலை தாளித்த சட்டிக்கு மாற்றுங்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். இறைச்சியில் அதன் கொழுப்பு இருக்கிறது, குழம்பில் மிதந்து வாசத்தைத் தூக்குவது அதுதான். சோயா மீட்டில் கொழுப்பை எடுத்துவிட்டார்கள். அதனால் இறக்கும்போது கெட்டியான தேங்காய் முதற்பால் அரைக் கோப்பை ஊற்றுங்கள். தூளும் வறுத்த தூளாக இருக்கட்டும். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, செத்தல் மிளகாய், கறுவாப்பட்டை, ஏலம், கராம்பு, ஒரு பிடி அரிசி, எல்லாவற்றையும் கோப்பி நிறம் வரும்வரை தனித்தனியாக வறுத்து இடித்தது. கோழிக் குழம்பு வாசம் என்று நாம் நினைப்பதில் பாதி இந்தத் தூளின் வாசம்தான்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி: பொலஸ் கறி அசல் இறைச்சி மாதிரியே இருக்கே அக்கா. கிழமைக்கு நாலு நாள் அதையே சாப்பிட்டா புரதம் போதுமா?

போதாது தம்பி. பொலஸ் என்கிற பலாப்பிஞ்சு மெல்லுவதற்கு இறைச்சி மாதிரி, ஆனால் 100 கிராமில் இரண்டு மூன்று கிராம் புரதம்தான். 100 கிராம் காய்ந்த சோயா மீட்டில் ஏறக்குறைய 50 கிராம். நீங்கள் 60 கிலோ எடை என்றால் ஒரு நாளைக்கு 48 கிராம் புரதம் வேண்டும், கிலோவுக்கு 0.8 என்று கணக்கு. பொலஸை மனநிறைவுக்குச் சாப்பிடுங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் பருப்போ கடலையோ கட்டாயம் இருக்கட்டும்.

சமைக்கும்போது கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், பலாப் பிசின் ஒட்டாது. மண்சட்டியில் கொறுக்காய்ப்புளி, வறுத்த தூள், இரண்டாம் பால் சேர்த்து, விறகைத் தணித்து இரண்டு மணித்தியாலமாவது கிடக்கட்டும். துண்டு கபில நிறமாகி விரலால் அழுத்தினால் நார் நாராகப் பிரிய வேண்டும். நுவரெலியாக் குளிரில் பலா பெரிதாகக் காய்க்காது, கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கமிருந்துதான் நமக்கு வருகிறது. சிங்களத்தில் பலாவைச் சோற்று மரம் என்று சொல்வார்கள். நாடு முழுக்கப் பலா நட ஊக்குவித்த ஆர்தர் வி. டயஸை இன்றும் ‘கொஸ் மாமா’ என்றே நினைவுகூருகிறார்கள். பஞ்ச காலத்தில் பலாவால் பிழைத்த குடும்பங்கள் இந்த மலையிலும் உண்டு, அதனால் அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு மரியாதை வரும்.

நுவரெலியாவிலிருந்து ஒரு அக்கா: கடலை, கவுப்பி எவ்வளவு அவிச்சாலும் கல்லு மாதிரி நிக்குது. கொழும்புல மகள் வீட்ல அதே கடலை சுருக்கா வேகுது.

உங்கள் கையில் குறையில்லை அக்கா, உயரம்தான் காரணம். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை சுமாருக்கே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. இரவு முழுக்க ஊறவைத்து, குக்கரில் மகளைவிட இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள். தக்காளி, புளி, கொறுக்காய் எல்லாம் கடலை வெந்த பிறகு, புளிப்பு முன்னாலேயே விழுந்தால் தோல் இளகாது. அப்பச்சோடா போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் பி1 சத்து அழிந்துவிடும். நான் போடுவதில்லை.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: டோஃபு சுப்பர்மார்க்கெட்ல விலை. வீட்ல செய்யலாமா?

தாராளமாக. 250 கிராம் சோயா அவரையை இரவு ஊறவையுங்கள், நம் குளிருக்கு 12 மணித்தியாலம் வேண்டும். இரண்டு லீற்றர் தண்ணீரில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடியுங்கள். அந்தப் பாலை அடிப்பிடிக்காமல் துழாவி 15 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கிற பொருள் ஒன்று இருக்கிறது, கொதித்தால்தான் அடங்கும். இறக்கிச் சற்று ஆறியதும், மூன்று மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றை அரைக் கோப்பை தண்ணீரில் கலந்து, சிறிது சிறிதாக ஓரமாக ஊற்றுங்கள். பால் திரிந்து கட்டி கட்டியாக மிதக்கும், நடுவில் மஞ்சள் தண்ணீர் தெளியும். தெளியாவிட்டால் இன்னும் ஒரு கரண்டி சாறு. துணியில் கட்டி, மேலே அம்மிக்குழவியை வைத்து முக்கால் மணித்தியாலம் விடுங்கள். வடித்த சக்கையைக் கொட்டாதீர்கள், கடலைப்பருப்போடு சேர்த்து வடை தட்டலாம்.

கொட்டகலையிலிருந்து ஒரு அண்ணன்: கோதுமை மாவுல இறைச்சி செய்யலாம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை அண்ணா. சீனாவில் பௌத்த மடங்களில் பழைய காலத்திலிருந்தே செய்கிறார்கள். ரொட்டிக்குப் பிசைவது போல ஒரு கிலோ மாவை நன்றாகப் பிசைந்து, உருண்டையைத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் மூழ்க வைத்து, அதே தண்ணீரில் கசக்குங்கள். மாச்சத்துக் கரைந்து தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். ஐந்தாறு தண்ணீர் மாற்றியதும் கையில் ரப்பர் மாதிரி ஒரு சுருள் மிஞ்சும், கால் கிலோவுக்குச் சற்று மேலே. அதுதான் கோதுமைப் புரதம். துண்டு போட்டு, மசாலா கலந்த தண்ணீரில் 45 நிமிடம் மெல்லக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதித்தால் துண்டு ஊதிப் பஞ்சாகிவிடும். அப்படி ஒரு சட்டி எனக்குக் கெட்டிருக்கிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடக்கூடாது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்கிற புரதக்கூறு குறைவு, பருப்போடு சாப்பிட்டால் அது ஈடாகும்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு அக்கா: ரொட்டிக்கு மாசிக் கருவாடு இல்லாம கட்டைச் சம்பல் இறங்குமா? கருவாட்டு ஆசையும் போகல.

இந்த ஆசையை நான் நன்றாக அறிவேன் அக்கா. எனக்கு இறைச்சியை விட்டது இலகு, கருவாடு விட்டதுதான் கஷ்டம்.

சிப்பிக்காளானை நாராகக் கிழித்து, உப்புப் பிரட்டி, அடுப்புக்கு மேலே பரணில் சுளகில் பரப்பி வையுங்கள். நம் பனியில் வெயிலை நம்ப முடியாது, விறகுப் புகை மூன்று நாலு நாளில் காய வைத்துவிடும், புகை வாசமும் ஏறும். காய்ந்ததை வெறும் சட்டியில் வறுத்து ஒன்றிரண்டாக இடித்தால் மாசிக்குப் பதிலாகச் சம்பலில் சேரும். மாசி மாதிரி ருசியைத் தூக்கிக் கொடுக்கிற குளுட்டமேட் என்கிற பொருள் காளானில் இருக்கிறது. முழுத் துண்டாக எண்ணெயில் பொரித்து, கத்தரிக்காயும் புளியும் சேர்த்துக் குழம்பு வைத்தால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட திருப்தி கிடைக்கும். காளான் வளர்ப்புக் காளானாகவே இருக்கட்டும். தேயிலை மலையில் மழைக்கு முளைக்கிறதைப் பறித்து உயிர் போன கதைகள் உண்டு.

கண்டியில் படிக்கிற ஒரு மகள்: பக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தா வீகன்தானே ஆன்ட்டி?

இல்லை மகள். இந்தியச் சாமானில் பச்சைப் புள்ளி சைவம் என்பதைக் காட்டுகிறது, பாலும் நெய்யும் அதில் அடங்கும். இலங்கைப் பக்கெட்டுகளில் காண்கிற பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் சீனி, உப்பு, கொழுப்பு அளவைத்தான் சொல்கிறது. பின்னால் இருக்கிற பொருட் பட்டியலை வாசியுங்கள். சோயா மீட்டோடு வருகிற ருசித்தூளில் பால்மா, முட்டை வெண்கரு இருக்கிறதா என்று பாருங்கள். கடைச் சீனிச்சம்பலில் மாசி, பணிஸின் மேல் முட்டைப் பூச்சு, சில மாஜரினில் பால் இருக்கும். மோர் மிளகாயும் நமக்கு ஆகாது.

டயகமையில் கொழுந்தெடுக்கிற ஒரு அக்கா: வீகனா மாறி ஏழு மாசம். மலையேறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது. சோயாவும் பருப்பும் நல்லாத்தான் சாப்பிடுறேன்.

அக்கா, முதலில் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதியுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதோடு ஒன்று கேட்கிறேன், ரொட்டியோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கிறீர்களா? நம் மலையில் எல்லாரும் அப்படித்தான். இறைச்சி, மீன் சாப்பிடாதவர்களுக்கு இரும்புச்சத்து முழுக்கப் பருப்பிலும் கீரையிலுமிருந்து வர வேண்டும். தேயிலையில் இருக்கிற டனின் அதைப் பிடித்துவைத்து, உடம்பில் சரியாகச் சேரவிடாது. நாம் பறிக்கிற கொழுந்தே நம் இரத்தத்துக்கு இடைஞ்சலாக நிற்கிறதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். தேத்தண்ணியை விட வேண்டாம், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ தள்ளுங்கள். சாப்பாட்டோடு மல்லித்தண்ணி குடிக்கலாம். சம்பலில் தேசிக்காய் பிழிந்தால் அதன் விற்றமின் சி இரும்பை உள்ளே சேர்க்கும்.

பி12 என்பது மரக்கறி எதிலும் நம்பும்படி கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். உடம்பில் சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது, பிறகு களைப்பும் கைகால் விறைப்புமாக வரும். எந்த அளவில் குளிசை என்று வைத்தியரிடம் கேட்டு, விடாமல் போடுங்கள். இதில் சமையலால் ஈடுகட்ட முடியாது.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு தங்கச்சி: நாலு மாசம் முழுகாம இருக்கேன். கிளினிக்ல தர்ற திரிபோஷா சத்துமாவை எடுக்கலாமா?

திரிபோஷாவில் சோளமும் சோயாவும் இருக்கிறது, பால்மாவும் இருக்கிறது. எடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. ஆனால் விட்டால் விட்டதாக மிட்வைஃப் அம்மாவிடம் வாய் திறந்து சொல்லுங்கள். இரும்பு, ஃபோலிக் அமிலக் குளிசைகளை நிறுத்தாதீர்கள், பி12 பற்றியும் கேளுங்கள். கல்சியத்துக்குக் குரக்கன் ரொட்டி நல்லது. நான் சமையற்காரி, பிள்ளை விஷயத்தில் கிளினிக் சொல்வதுதான் முன்னால்.

பதுளையிலிருந்து ஒரு தம்பி: சோயா சாப்பிட்டா ஆம்பிளைத்தனம் குறையும்னு பெடியன்கள் பகிடி பண்றாங்க.

பயப்படாமல் சாப்பிடுங்கள் தம்பி. ஆண்களிடம் செய்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் சோயாவால் டெஸ்டொஸ்டெரோன் குறைந்ததாகக் காணவில்லை. தைரொயிட் குளிசை போடுகிறவர்கள் மட்டும் சோயாவுக்கும் குளிசைக்கும் நாலு மணித்தியால இடைவெளி விட வேண்டும்.

இராகலையிலிருந்து ஒரு தங்கச்சி: திருவிழாக்குக் கிடா வெட்டுவாங்க. நான் சாப்பிட மாட்டேன்னா மாமி முகம் மாறிப்போகுது. என்ன செய்ய?

மாமிக்கு உங்கள் மேல் கோபம் இல்லை தங்கச்சி. வந்த மருமகள் வயிறு வாடுகிறதே என்ற கவலைதான் அது. அவர் கையால் போட்டதை நீங்கள் ஒதுக்கினால் தன்னையே ஒதுக்கியதாக எடுத்துக்கொள்வார். அதனால் முதல் நாளே போய் வெங்காயம் உரியுங்கள், தேங்காய் துருவுங்கள். அவர் கறிக்கு வறுக்கிற தூளில் இரண்டு பிடி கேட்டு வாங்கி, அதே தூளில் பக்கத்து அடுப்பில் ஒரு சட்டி பொலஸ் வையுங்கள். உங்களுக்கு மட்டும் என்று சின்னச் சட்டி வேண்டாம், பந்திக்கே வைக்கிற மாதிரி பெரிய சட்டி. பத்துப் பேருக்கு நடுத்தரப் பொலஸ் இரண்டு கணக்கு. நான் எங்கள் ஊர்த் திருவிழாவில் அப்படி வைத்தபோது, என் மாமி இரண்டாம் நாள் காலையில் ரொட்டியோடு சட்டியின் அடியை வழித்துச் சாப்பிட்டார். பொலஸ் மறுநாள்தான் நன்றாக ஊறும், இரவிலேயே எல்லாவற்றையும் பரிமாறிவிடாமல் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.