மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் இரவு வெக்கையையும் கரண்ட் பில்லையும் எப்படிக் குறைப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மேல்மாடி வாடகை வீடு, நள்ளிரவிலும் அனல் அடிக்கிறது, ஏசி நிற்காமல் ஓடுகிறது, கதவைச் சாத்தினால் குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது, பில் எகிறுகிறது. திருச்சியில் அச்சு அசல் இதே மாதிரி வீட்டில் ஏழு கோடை இருந்தோம். முதல் இரண்டு கோடை வீணாய்ப் போனது. அதற்கப்புறம் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருந்தது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். அதனால்தான் தெருவில் காற்று ஆறிய பிறகும் வீட்டுக்குள் வேகிறது. ஃபேன் போட்டால் சீலிங்கை ஒட்டிய சூடான காற்றுதான் நம் தலைமேல் இறங்கும். ஏசி அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துபோகும். நாங்கள் செய்த தப்பு, தளத்தைக் கவனிக்காமல் முதலில் ஒரு டன் ஏசி வாங்கியது. அந்த மே மாதம் முழுக்க கம்ப்ரஸர் ஒரு ராத்திரி கூட இடையில் நின்று ஓய்ந்ததாக நினைவில்லை.

மூன்றாவது வருடம் மாசியிலேயே மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். முதலில் விரிசல்களை அடைத்தோம். இதை விட்டுவிட்டால் மற்றது வீண். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பெரிய டிரம்மில் நீற்றி ஒரு ராத்திரி விட்டோம் (கொதித்துப் பொங்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து, குழந்தையைப் பக்கத்தில் விடவே விடாதீர்கள்). மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, ஃபெவிகால் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தளத்தைக் கூட்டி நனைத்து ஒரு கோட் அடித்தோம். அது காய்ந்ததும் குறுக்கே இன்னொரு கோட். ஏசி மெக்கானிக் ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி வைத்திருந்தார். சுண்ணாம்புக்கு முன் இரவு சீலிங் 41 டிகிரி காட்டியது. இரண்டு வாரம் கழித்து, அதே மாதிரி காய்ந்த ஒரு நாளில், 36. அன்று ராத்திரி என் மாமியார் வெறும் ஃபேனில் தூங்கினார். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

சுண்ணாம்பு மழையில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயின்ட் (வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்) சில வருடம் தாங்கும், விலை கூடுதல். எதுவானாலும் தூசி படிந்து சாம்பல் நிறமானால் பலன் குறைந்துவிடும், கழுவி விடுங்கள். ஹவுஸ் ஓனர் தயங்கினால், தெலங்கானாவில் அரசே 2023இல் இதற்கென்று கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் ஓனருக்குத் தளம் ஒழுகாது என்ற பேச்சுதான் எடுபட்டது. செலவில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை மட்டும் நான் சொல்லமாட்டேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போட்டிருப்பீர்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையைச் சூடாக்கிவிட்டு அறையிலேயே தங்கிவிடும். மறைப்பு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டியோ பச்சை வலையோ போதும்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். காலை ஒன்பது மணிக்கு மேல் ஜன்னல்களைச் சாத்துங்கள், வெளியே ஆறிய பிறகு எல்லாவற்றையும் திறங்கள். பகலில் திறந்து வைத்தால் அனல் காற்றைத்தான் வீட்டுக்குள் கூப்பிடுகிறோம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் எங்கள் வீட்டில் புகை நின்றது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வீடு முழுக்க நடந்து பார்த்தேன். ஃபேனுக்கு இரண்டடி தள்ளித் திறந்திருந்த ஜன்னல் பக்கம் போனபோது புகை அங்கிருந்து நேராக ஃபேனுக்கு ஓடியது. ஹாலில் அசையவே இல்லை. பக்கத்து ஜன்னலைச் சாத்தி ஹாலின் எதிர்க்கோடி ஜன்னலைத் திறந்ததும், ஹாலில் பிடித்த புகை தரையோடு நகர்ந்து சமையலறைக்குள் போனது. அன்றிலிருந்து இரவு எட்டரைக்கு ஒரு மணி நேரம் அந்த ஃபேனை ஓட்டி வீட்டுச் சூட்டை வெளியேற்றுவோம். கொசுவலையையும் கழட்டிக் கழுவுங்கள். தூசி அடைத்த வலையில் காற்று வராது. மேலே இருக்கும் வென்டிலேட்டரை ஏசிக்காக அட்டை வைத்து அடைத்திருந்தால், ஏசி இல்லாத நேரத்திலாவது எடுத்துவிடுங்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேற அதுதான் வழி.

குழந்தைக்கு மூச்சு முட்டுவதற்கு ஒரு காரணம், ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருப்பதையேதான் சுற்றிச் சுற்றி விடும். மூன்று பேர் கதவைச் சாத்திப் படுத்தால் விடியும்போது தலை கனக்கத்தான் செய்யும். படுக்கும் முன் கால் மணி நேரம் எல்லாம் திறந்து வையுங்கள், இரவில் ஹால் பக்கக் கதவை ஒரு விரல் இடுக்கு விடுங்கள், ஹாலில் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். கொஞ்சம் குளிர் போகும், போகட்டும். அப்படியும் மூச்சு முட்டினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஏசியை 26இல் வைத்து ஃபேனையும் சுற்றவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 முதல் 35. தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 36 யூனிட் குறையும். மூன்று ஃபேனுக்கு நூறைத் தாண்டும். தமிழ்நாட்டில் இது பெரிய விஷயம். இரண்டு மாத ரீடிங் 500ஐத் தாண்டினால், மேலே போன யூனிட்டுக்கு அதிக விலை என்பதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடும். போன கோடையில் எங்கள் ரீடிங் 470இல் நின்றது.

கையில் காசு குறைவு என்றால் சுண்ணாம்பை முதலில் முடியுங்கள், ஃபேனை ஒவ்வொன்றாக மாற்றலாம். உங்கள் வீட்டில் எந்தச் சுவர் இரவில் அதிகம் சுடுகிறது, ஜன்னல் எந்தத் திசையில் என்று எழுதினால், தட்டி எங்கே கட்டலாம் என்று சொல்கிறேன்.