திமிங்கலத்தைப் பங்கு போடும் ஊர்

அன்புள்ள ஐயா,

அலாஸ்காவின் வட கடலோரத்தில் வாழும் இனுபியட் மக்கள் திமிங்கலம் பிடித்து அறுப்பதை ஒரு காணொளியில் பார்த்தேன். ஊரே கூடி நின்று கொண்டாடுகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. 200 வருடம்கூட வாழக்கூடிய உயிர் அது என்கிறார்கள். அந்த ஊரில் கடை இருக்கிறது, இணையம் இருக்கிறது, கொல்வதும் வெடி பொருத்திய ஈட்டியால்தான். இதில் பாரம்பரியம் எங்கே வந்தது? மரம்கூட முளைக்காத இடத்தில் சில நூறு பேர் ஏன் இப்படிக் கஷ்டப்பட வேண்டும்? அரசாங்கம் ஏதாவது ஒரு நகரத்தில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் நல்லது, திமிங்கலத்துக்கும் நல்லதுதானே?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

அந்த 200 வருடக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர்கள் வேட்டையாடும் போஹெட் வகைத் திமிங்கலத்துக்கு அவ்வளவு ஆயுள் என்று நமக்குத் தெரியவந்ததே அந்த வேட்டைக்காரர்களால்தான். திமிங்கலத்தை அறுக்கும்போது பழைய ஈட்டி முனைகள் சதைக்குள் புதைந்து கிடப்பதை அவர்கள் கண்டெடுத்துக் கொடுத்தார்கள். சில கல்லால் ஆனவை. 2007-இல் கிடைத்த ஓர் உலோக முனை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்டது. யாரோ எய்ததில் அடிபட்டு, தப்பித்து, அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் அந்தத் திமிங்கலம் கடலில் சுற்றியிருக்கிறது. அறுத்த திமிங்கலங்களின் கண்களை ஆய்வுக்குக் கொடுத்தவர்களும் அவர்களே. அவற்றை வைத்துத்தான் வயதைக் கணக்கிட்டார்கள்.

அடுத்தது வெடி ஈட்டி. அது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வணிகக் கப்பல்களோடு வந்த கருவி. 1848-இல் முதல் கப்பல் பெரிங் நீரிணையைத் தாண்டி உள்ளே நுழைந்தது. விளக்கெரிக்க எண்ணெய்க்காகவும், பெண்களின் இடுப்புக் கச்சைக்குள் வைக்க அதன் வாயில் இருக்கும் வளையும் தகடுகளுக்காகவும் அடுத்த 60 வருடம் கொன்று குவித்தார்கள். போஹெட் அழிவின் விளிம்புக்குப் போனது அந்த வணிக வேட்டையால். கிராமத்து ஆட்கள் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், திமிங்கலம் சீக்கிரம் உயிர்விடும், அடிபட்டுத் தப்பிப்போவது குறையும் என்பதுதான். நல்ல கருவி வந்ததும் பழையதை விட்டுவிடுவது எல்லா ஊர் மக்களும் செய்வதுதானே.

பாய்ண்ட் ஹோப் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கிலோமீட்டர் வடக்கே, சுக்சி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூழாங்கல் திட்டு. இனுபியட் பெயர் திகிகாக். வட அமெரிக்காவில் மிக நீண்ட காலமாக மக்கள் விடாமல் வாழ்ந்துவரும் இடங்களில் அதுவும் ஒன்று. 2020 கணக்கெடுப்பில் சுமார் 830 பேர். வெளியூருக்குச் சாலை கிடையாது. விமானம் வரும், பனி விலகும் கோடையில் சரக்குப் படகு வரும். நீங்கள் சொல்வதுபோல் கடை இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு பொருளின் விலையிலும் விமானச் சரக்குக் கட்டணம் சேர்ந்திருக்கும்.

வசந்த காலத்தில், ஏப்ரல், மே மாதங்களில், கடல்பனியில் நீண்ட பிளவுகள் விழும். அந்தத் திறந்த நீர்வழியாகத் திமிங்கலங்கள் வடக்கே போகும். பிளவின் ஓரத்தில் வேட்டைக் குழு நாள் கணக்கில் காத்திருக்கும். பக்கத்தில் உமியாக் என்னும் தோல் படகு தயாராக நிற்கும். அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மரச் சட்டத்தின் மேல் தாடிச் சீல் என்னும் பெரிய கடல்நாயின் தோல்களைப் போர்த்திக் கட்டுவார்கள். ஒரு படகுக்கு ஆறேழு தோல் ஆகும். தோலை நாட்பட ஊறப்போட்டு, மயிர் கழன்று வந்ததும் சுரண்டி எடுத்து, ஈரம் காயும் முன் பெண்கள் கூடி உட்கார்ந்து தைப்பார்கள். நூல், துருவ மானின் தசைநாரைத் திரித்தது. ஊசி தோலின் பாதி கனத்துக்குத்தான் போக வேண்டும். மறுபக்கம் துளைத்துவிட்டால் அந்தத் துளை வழியே தண்ணீர் ஏறிவிடும். உறைநிலைக் கடலில் ஆண்களின் உயிர் அந்தத் தையலில் இருக்கிறது. வேட்டைக்குப் போவது ஆண்கள்தான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எழுதிவிடுகிறார்கள். தைத்த கை யாருடையது என்று கேட்பதில்லை.

திமிங்கலம் கிடைத்ததும் ஊர் முழுக்கப் பனிமேல் வந்து சேரும். கப்பியும் கயிறும் போட்டு, எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் அது மேலே ஏறும். அறுப்பதற்கு முன் ஜெபம் நடக்கும். அப்புறம் பங்கு. உதவிக்கு வந்த எந்தக் குழுவுக்கு எந்தப் பாகம் என்பதற்கு வழக்கம் இருக்கிறது, சண்டை வராது. படகுத் தலைவரின் வீட்டில் கொடி ஏறும். வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். தலைவரின் மனைவி மக்தாக்கை, அதாவது கொழுப்போடு சேர்ந்த தோலை, வேகவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறுவார். ஜூனில் நளுகதாக் திருவிழா. நன்றி தெரிவிக்கும் நாள், கிறிஸ்துமஸ் என்று மீண்டும் மீண்டும் பங்கீடு. விதவைக்கும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவருக்கும், வேட்டைக்கு ஆளில்லாத வீட்டுக்கும் பங்கு போய்ச் சேரும். இந்த இறைச்சியை விற்க முடியாது, சட்டத்திலும் இடமில்லை. நீங்கள் பார்த்த சந்தோஷம் இதற்காகத்தான், எஸ். உயிர் போனதைக் கொண்டாடும் சந்தோஷம் அது இல்லை.

இனி திமிங்கலத்துக்கு எது நல்லது என்பது. 1977-இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம், போஹெட் வேட்டைத் தடையிலிருந்து இந்தக் கிராமங்களுக்கு இருந்த விதிவிலக்கை ரத்து செய்தது. போஹெட் சில நூறிலிருந்து அதிகம் போனால் 2000 வரைதான் மிஞ்சியிருக்கிறது என்று அப்போது கணக்கு. கிராமங்கள் கொதித்தன. அதே வருடம் தங்களுக்கென்று அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல ஆணையத்தை அமைத்தார்கள். 1978-க்குக் கிடைத்த அனுமதி மொத்தமே 12 திமிங்கலம். ‘உங்கள் எண்ணிக்கை தப்பு’ என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். விஞ்ஞானிகள் பிளவின் ஓரம் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணினார்கள். ஆனால் போஹெட் பனிக்கு அடியிலும் போகும். கனமான பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சு விடும். கரையிலிருந்து பார்க்க முடியாத தூரத்திலும் போகும். உட்கியாக்விக் ஊரின் மூத்த வேட்டைக்காரர் ஹாரி பிரவர் இதை விஞ்ஞானி டாம் ஆல்பர்ட்டுக்குப் பொறுமையாக விளக்கினார். ஆல்பர்ட் கேட்டுக்கொண்டார், எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். கண்ணுக்கே தெரியாத திமிங்கலங்கள் பாடிக்கொண்டு போவது பதிவானது. அடுத்த பத்தாண்டுக்குள் மதிப்பீடு 7000-ஐத் தாண்டியது. 2011 கணக்கெடுப்பில் 16,000-க்கும் மேல். இவ்வளவும் 11 கிராமங்கள் வருடாவருடம் ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு வேட்டையாடிக்கொண்டே இருந்தபோதுதான்.

கடைசியாக, நகரத்துக்கு மாற்றும் யோசனை. நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் இந்தக் கரைக்கு நல்லெண்ண யோசனைகள் முன்பும் வந்திருக்கின்றன. 1958-இல் ஹைட்ரஜன் குண்டு விஞ்ஞானி எட்வர்ட் டெல்லரும் அமெரிக்க அணுசக்தி ஆணையமும், பாய்ண்ட் ஹோப்பிலிருந்து 50 கிலோமீட்டரில் அணுகுண்டுகளை வெடித்துத் துறைமுகம் தோண்டத் திட்டம் போட்டார்கள். அதை ஒன்றுமில்லாத வெற்று நிலம் என்று நினைத்தார்கள். ஊர் மன்றம் எதிர்த்து வாக்களித்தது. 1960-இல் அதிகாரிகள் நேரில் வந்து, மீனுக்கும் மானுக்கும் ஒன்றும் ஆகாது என்றபோது, ஊர்க்காரர்கள் அவர்கள் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டே குறுக்குக் கேள்வி கேட்டார்கள். 1962-இல் திட்டம் கைவிடப்பட்டது.

தெற்கே இருக்கும் கிவலினா என்ற இனுபியட் ஊரின் கதை இன்னும் கசப்பு. அந்த மணல்திட்டு முன்பு பருவத்துக்கு வந்து தங்கும் இடம் மட்டும்தான். 1905-இல் அரசாங்கம் அங்கே பள்ளிக்கூடம் கட்டி, பிள்ளைகள் வந்தாக வேண்டும் என்றது. குடும்பங்கள் நிரந்தரமாகக் குடியேறின. முன்பு இலையுதிர் காலப் புயல் வருவதற்குள் கடல் உறைந்துவிடும், அலை கரையை அரிக்காது. இப்போது பனி தாமதமாகிறது, கரை அரிபடுகிறது. நிலத்தடி உறைமண் இளகி, திமிங்கல இறைச்சி வைக்கும் நிலவறைகளிலும் பல ஊர்களில் தண்ணீர் கசிகிறது. 2008-இல் கிவலினா மக்கள் எக்ஸான் மொபில் உள்ளிட்ட எரிசக்தி நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. தீவிலிருந்து தப்பிக்க ஒரு சாலை போட்டு, மேட்டில் புதிய பள்ளியைத் திறக்க 2022 ஆகிவிட்டது.

ஆக, இடம் மாற வேண்டும் என்று கிவலினா மக்களே வாக்களித்திருக்கிறார்கள், எஸ். அவர்கள் கேட்பது, சீலும் திமிங்கலமும் எட்டும் தூரத்தில், ஊராக, ஒன்றாகப் போக ஓர் இடம். ஆளுக்கொரு வீடாக நகரத்தில் சிதறிப்போனால் பங்கு வாங்கவும் ஆள் இருக்காது, கொடுக்கவும் ஆள் இருக்காது. அவர்கள் கேட்கும் இடத்துக்கு ஆகும் செலவை ஏற்கத்தான் இன்னும் யாரும் முழுதாக முன்வரவில்லை.