ஏற்காட்டு வெல்வெட் எறும்பு புது இனமா? கேள்விகளும் பதில்களும்

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலையோரம் ஒருவர் எடுத்த படம்தான் இத்தனை கேள்விகளுக்கும் காரணம். செங்கல் நிற நெஞ்சு, கறுப்பு வயிறு, வயிற்றில் வெள்ளைப் பொட்டுகள். "சேர்வராயன் மலையில் புதிய வெல்வெட் எறும்பு" என்று அந்தப் படம் சேலம் முழுக்கச் சுற்றிவிட்டது. பெயரில்தான் எறும்பு, உண்மையில் அது குளவி என்று சொன்னேன்; கேள்விகள் வந்து குவிந்தன. கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

சார், பார்த்தால் கட்டெறும்பு மாதிரிதானே இருக்கிறது? குளவி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (ஆத்தூர், கல்லூரி மாணவர்)

இறக்கை இல்லாத பெண் குளவி அது. எறும்புக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடுப்பில் ஒன்றோ இரண்டோ கணு புடைத்து நிற்கும். உணர்கொம்பும் நடுவில் நன்றாக மடங்கியிருக்கும். படத்தில் இருப்பதற்கு அந்தக் கணுவும் இல்லை, அந்த மடிப்பும் இல்லை. உடம்பெல்லாம் அடர்ந்த முடி. நெஞ்சுப் பகுதியின் துண்டுகள் இணைந்து கெட்டியான ஒரே ஓடாகிவிட்டன. குடும்பப் பெயர் முடில்லிடே. உலகம் முழுவதும் 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு.

மழை விட்டதும் புல்லில் ஊருமே, சிவப்புத் தம்பலப்பூச்சி, அதுவா இது? (வாழப்பாடி)

இல்லை. தம்பலப்பூச்சிக்கு எட்டுக் கால், சிலந்தி வகையறா. அதைப் பிள்ளைகள் உள்ளங்கையில் விட்டு விளையாடலாம். இதை விடக்கூடாது.

என் மகன் இதே மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துக் கொட்டு வாங்கிவிட்டான். விஷம் ஏறுமா, ஐயா? (ஓமலூர், ஒரு தாய்)

பயப்படாதீர்கள் அம்மா. வலி கடுமையாக இருக்கும். கொட்டுகளின் வலியை 1 முதல் 4 வரை தரம் பிரித்த அமெரிக்க அறிவியலாளர் ஜஸ்டின் ஷ்மிட், அங்குள்ள ஒரு வெல்வெட் எறும்புக்கு 3 கொடுத்தார். ஆனால் வலிக்கிற அளவுக்கு விஷம் ஆபத்தானதில்லை. தேனீ மாதிரி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, அதனால் கிள்ளி எடுக்க ஒன்றும் இருக்காது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

இது துரத்தி வந்து கொட்டாது. கூட்டமும் கிடையாது, காக்க வேண்டிய கூடும் கிடையாது. பிடித்தால் முதலில் "கிறீச் கிறீச்" என்று சத்தம் போடும். வயிற்றின் இரண்டாம் வளையத்தின் பின்விளிம்பை மூன்றாம் வளையத்தில் உள்ள நுண்ணிய வரிகள் மேல் உரசுவதால் வரும் சத்தம் அது. காதருகே கொண்டுபோகாமலே கேட்கும். கேட்டதும் விட்டுவிட வேண்டும்.

படம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இதை வைத்தே புது இனம் என்று அறிவிக்க முடியாதா? (சேலம், புகைப்படக்காரர்)

நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் அதில் உங்களுக்குத் தெரிவது நிறமும் பொட்டும். இந்தக் குடும்பத்தில் அதிகம் ஏமாற்றுவதே அவைதான். ஒரே பகுதியில் வாழும் வேறு வேறு இனங்கள் ஒரே நிறக்கோலத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே எச்சரிக்கை உடை என்றால், ஒன்றிடம் கொட்டு வாங்கிய பறவையோ ஓணானோ மற்றதையும் தொடாது. கொடுக்கே இல்லாத சில சிலந்திகள்கூட இந்த உடையைப் போட்டுக்கொள்கின்றன. மறுபக்கம், ஒரே இனத்துக்குள் பொட்டின் அளவும் சிவப்பின் சாயலும் ஆளுக்கு ஆள் மாறும்.

இனத்தைப் பிரிப்பவை நுண்ணோக்கியில்தான் தெரியும். தாடையில் எத்தனை பல், உணர்கொம்பின் மூன்றாம் கணு நான்காவதைவிட எவ்வளவு நீளம், நெஞ்சின் பக்கவாட்டு விளிம்பு எப்படி வளைகிறது, இரண்டாம் வளையத்துக் குழிகள் நெருக்கமா தள்ளித் தள்ளியா, கடைசி வளையத்தின் மேல் உள்ள தட்டு வழவழப்பா வரிவரியா என்று ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, படமெடுக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. ஏற்கெனவே பெயரிட்ட இனங்களோடு ஒப்பிட வேண்டும். இந்திய இனங்களுக்குப் பழைய அடிப்படை சார்லஸ் பிங்காமின் 1897-ஆம் ஆண்டு நூல். கீழைநாட்டு இனங்களின் பட்டியலை ரஷ்ய அறிஞர் அர்கடி லெலேய் 2005-இல் வெளியிட்டார். பழைய விவரிப்புகள் பல நாலைந்து வரிதான், அதுவும் பெரும்பாலும் நிறம் பற்றியே. ஆகவே அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்த மூல மாதிரியையே பார்க்க வேண்டிவரும்; அவற்றில் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவ்வளவும் பார்த்து எதோடும் பொருந்தவில்லை என்றால்தான் "புதிது" என்ற சொல்லை எடுக்கலாம்.

ஆண் எப்படி இருக்கும் அண்ணா? ஏன் யாரும் அதன் படத்தைப் போடுவதில்லை? (ஏற்காடு, பள்ளி ஆசிரியை)

நீங்கள் ஆணைப் பார்த்திருப்பீர்கள், இது அதுதான் என்று தெரிந்திருக்காது. இறக்கையோடு பறக்கும், பூவில் தேன் குடிக்கும், கொடுக்கு இல்லை, நிறமும் வேறாக இருக்கலாம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் முடில்லா என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்களின் குழுவை) வைத்த நாள் தொட்டு இந்தக் குடும்பத்தின் தலைவலி இதுதான்: ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர், இரண்டும் ஒரே இனம். இன்றைக்கும் ஒரு பால் மட்டுமே தெரிந்த இனங்கள் ஏராளம். மலையில் கிடைத்த "புது" பெண், எப்போதோ பெயரிட்ட ஓர் ஆணின் ஜோடியாகவே இருக்கலாம்.

ஜோடி சேர்ந்திருக்கும்போது பிடிபட்டால் சந்தேகமே இல்லை. சில இனங்களில் ஆண் பெண்ணைத் தூக்கிக்கொண்டே பறக்கும். இணை சேராத பெண்ணை வலைக்கூண்டில் வைத்தால் வாசனை பிடித்து ஆண் தேடி வரும். இல்லாவிட்டால் இரண்டின் டி.என்.ஏ.-வையும் ஒப்பிட வேண்டும். வழக்கமாக எடுப்பது, இனங்களை அடையாளம் காண உதவும் சி.ஓ.1 என்ற மரபணுவில் 658 எழுத்து நீளத் துண்டு.

எங்கள் காபித் தோட்டத்தில் இது ஓடுகிறது. மருந்தடிக்கலாமா? (நாகலூர்)

வேண்டாம். இலையையோ வேரையோ இது தொடாது. மண்ணுக்குள் கூடு கட்டும் மற்ற குளவிகள், தேனீக்களின் அறையை ஓட்டை போட்டு, உள்ளே வளர்ந்து முடிந்த புழுவின் மேலோ கூட்டுப்புழுவின் மேலோ முட்டை வைக்கும். தோட்டத்தில் இது ஓடுகிறது என்றால் மண்ணில் கூடு கட்டும் பூச்சிகள் இன்னும் அங்கே இருக்கின்றன என்று அர்த்தம். மருந்தடித்தால் பூவுக்கு வரும் தேனீயும் சேர்ந்து போகும்.

மாதிரி பிடித்து நானே பெயர் வைக்கலாமா? (சேலம், முதுகலை மாணவி)

காப்புக்காட்டில் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியும் எடுக்கக்கூடாது. அனுமதியோடு எடுத்தால் ஊசி குத்திய மாதிரிக்குக் கீழே இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். உயரத்தை விடவே விடாதீர்கள். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் முள்காட்டிலிருந்து சோலை வரை மாறிவிடுகிறது. வெறுமனே "சேலம் மாவட்டம்" என்று எழுதினால் அந்த மாதிரி பாதி வீண்.

புது இனம்தான் என்று உறுதியானால் ஒரே ஒரு மாதிரியை மூல மாதிரியாகக் குறிக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அரசு குறித்த காப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அப்படி ஒரு காப்பகம். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு கட்டாயம். பெயரைப் பொறுத்தவரை, தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ளும் வழக்கம் இல்லை. மலையின் பெயரை வையுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பிடிக்காமல் உதவ என்ன செய்யலாம்? (அஸ்தம்பட்டி)

மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகம் தெரிய ஒன்று, வயிற்று நுனி தெரிய ஒன்று என்று படம் எடுங்கள். ஓடிக்கொண்டே இருக்கும், பொறுமை வேண்டும். எந்தக் கூட்டுக்குள் நுழைகிறது என்று பார்த்து, நேரத்தையும் இடத்தையும் எழுதி வையுங்கள். எந்த இனம் எந்தக் கூட்டைத் தேடுகிறது என்பது மிகச் சிலவற்றுக்கே பதிவாகியிருக்கிறது.