புலிக்கொடி எதிரே வரும்போது

கேள்வி: உங்கள் இதழில் வரும் சரித்திரத் தொடர்கதையை ஒரு சாளுக்கியப் படைவீரன் சொல்வதுபோல் எழுதுகிறார்கள். நான்காவது வாரத்தில் சோழப்படை ஒரு ஊரையே கொளுத்துகிறது. தமிழ்ப் பத்திரிகையில் ராஜேந்திர சோழனைக் கொள்ளைக்காரன் மாதிரி காட்டலாமா? கதை சொல்ல ஒரு தமிழ் வீரன் கிடைக்கவில்லையா?
— ஒரு வாசகர், வில்லிவாக்கம், சென்னை 49

பதில்: காட்டலாம். அந்தக் குற்றச்சாட்டை எங்கள் கதாசிரியர் தன் கற்பனையில் இருந்து எடுக்கவில்லை. கர்நாடகத்தில், தார்வாடு வட்டாரத்தில், ஹொட்டூர் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சாளுக்கிய மன்னன் சத்யாச்ரயன் காலத்தது, 1007-ஆம் ஆண்டையொட்டியது. ஒன்பது லட்சம் பேரோடு சோழன் வந்தான், நாட்டைச் சூறையாடினான், பெண்கள், குழந்தைகள், பிராமணர்கள் என்று பாராமல் கொன்றான் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் இதே போரின் மறுமுனை இருக்கிறது. சத்யாச்ரயனை வென்று திரும்பிய ராஜராஜன் இறைவன் திருவடியில் பொற்பூ இட்டதாக அங்கே கல் சொல்கிறது. பொன் எங்கிருந்து வந்தது என்று ஒரு கல், பொன் எங்கே போனது என்று ஒரு கல். இரண்டையும் படித்தவன்தான் அந்தப் போரைப் படித்தவன்.

ஒன்பது லட்சம் என்பது மிகை. அத்தனை பேருக்குச் சோறு போட்டு, யானைக்கும் குதிரைக்கும் தீனி போட்டு, துங்கபத்திரை தாண்டிக் கூட்டிப்போக அந்தக் காலத்தில் எந்த அரசனாலும் முடியாது. ஆனால் அந்த எண்ணைச் சொன்னவன் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. அடிபட்டவன் சொன்ன கணக்கு அது. கதை எழுதுகிறவருக்கு வேண்டியது அந்தப் பயம்தான். இன்னொன்று. சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய நீலகண்ட சாஸ்திரி நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் இந்தக் கல்வெட்டை மறைக்கவில்லை. சோழர் மேல் அவருக்கு இருந்த மதிப்பு அதனால் குறையவும் இல்லை. வரலாற்று ஆசிரியருக்கு உள்ள அந்தத் துணிச்சல் கதாசிரியருக்கு மட்டும் ஏன் கூடாது?

நீங்கள் கோபப்பட்ட நான்காவது வாரத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அந்த வீரன் தன் ஊருக்கு வந்து சேரும்போது தீ அணைந்துவிட்டது. குதிருக்குள் இருந்த விதைச் சோளம் மட்டும் உள்ளே கனன்று பொரிந்துகொண்டிருக்கிறது. மூன்று நாள் பட்டினி. அந்தப் பொரி வாசனைக்கு அவன் நாக்கில் எச்சில் ஊறுகிறது. அடுத்த வருஷத்து விதைப்பு எரிந்துகொண்டிருக்கும்போது தனக்குப் பசிக்கிறதே என்று கூசிப்போய், குதிரின் ஓரத்தில் உட்கார்ந்து, சுடச்சுட ஒரு பிடி அள்ளித் தின்கிறான். அந்த இடத்தில் ராஜேந்திரன் பெயர்கூட வரவில்லை. அவன் சாளுக்கியன் என்பதும் எனக்கு மறந்துபோயிற்று. கையெழுத்துப் பிரதியில் அதைப் படித்த அன்று மதியம் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

எதிரி தரப்பில் நின்று எழுதுவதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்து நீங்கள் நினைக்கும் பக்கத்தில் இல்லை. முதலில் வந்த பிரதியில் அதே வீரன் மரத்தில் ஒளிந்துகொண்டு சோழ இளவரசனின் தோளையும் வாளையும் பார்த்து வாய் பிளந்து நின்றான், ‘இவனல்லவா வீரன்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அந்த அத்தியாயத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். அவன் சாளுக்கியன் இல்லை. சாளுக்கிய உடுப்பு மாட்டிக்கொண்ட நம்மூர் ரசிகன். நம் பெருமையை நாமே எதிரி வாயால் சொல்லிக் கேட்டுக்கொள்வதற்கு எதிரி எதற்கு? அவனுக்கு அவன் அரசன் பெரியவன், அவன் ஆறு புனிதம், நம் கொடியில் இருக்கும் புலி அவனுக்குக் காட்டு மிருகம். இந்த மூன்றும் இல்லாவிட்டால் கதை வேண்டாம் என்று கதாசிரியரிடம் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார்.

இது நமக்குப் புதிதும் இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். சேரனுக்கு முதுகில் புண் பட்டது, அதற்கு நாணி வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் இருந்து, உயிர்விட்டான். வென்ற கரிகாலனைப் பார்த்து வெண்ணிக் குயத்தியார் பாடுகிறார்: ‘நின்னினும் நல்லன் அன்றே’. உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா என்று, ஜெயித்தவன் முகத்துக்கு நேராக. அந்தப் பாட்டைத் தமிழர் தூக்கிப் போட்டுவிடவில்லை, புறநானூற்றில் 66-ஆம் பாட்டாக இன்றும் இருக்கிறது. கலிங்கத்துப் பரணியில் வேறு மாதிரி நடந்தது. தோற்ற கலிங்க வீரர்கள் வில்லின் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு தப்புகிறார்கள், ரத்தத்தில் நனைந்த கொடித்துணியைக் காவியாகப் போர்த்திக்கொள்கிறார்கள். செயங்கொண்டார் அதை வைத்துச் சிரிக்க வைத்தார். கவிதை அபாரம். ஆனால் அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு ஓடியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஈரமாக, கனமாக, செத்த தோழன் வாசனையோடு இருந்திருக்கும். அந்த இடத்தைத் தமிழில் இன்னும் யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, நம் ஊருக்கே வருவோம். உயர்நீதிமன்ற மதில் ஓரமாக என்றாவது நடந்தீர்களானால் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்லைப் பார்க்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னையைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள், ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அதே சென்னைதான் கெட்டிக்காரனைப் பார்த்து ‘ஆள் பெரிய எம்டன்’ என்று சொல்லப் பழகியது. அந்தக் கப்பலில் பீரங்கி அருகே நின்ற ஒருவனுக்கு நம் ஊர் ஒரு வெளிச்ச வரிசையாக மட்டும் தெரிந்திருக்கும். 48 நாள் கழித்து, நவம்பர் 9 அன்று, கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை நொறுக்கியது. 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் சொல்வதாக இந்தக் கதையை நான் வெளியிட்டால் நீங்கள் ஆவலோடு படிப்பீர்கள். துறைமுகத்தில் செத்தது நம் ஊர்க்காரன் என்றாலும் படிப்பீர்கள். அப்படியானால் உங்கள் வருத்தம் எதிரி பேசுவதில் இல்லை. நாம் தீ வைத்தவர்களாக வருவதில்தான் இருக்கிறது.

தமிழ் வீரன் கிடைக்கவில்லையா என்று கேட்டீர்கள். கிடைத்திருக்கிறான், ஏழாவது வாரம் வருகிறான். காவிரிக் கரை உழவன், கால் முறிந்ததால் அவன் படை அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. தண்ணீர் என்று அவன் தமிழில் கேட்கிறான், நம் கதைசொல்லிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உதடு வெடித்திருப்பது தெரிகிறது, கையில் சுரைக்குடுக்கையும் இருக்கிறது. அவன் கொடுத்தானா இல்லையா என்பதை அந்த வாரம் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.