வாசகர் கேள்வி–பதில்: கடைசல் பேனாவின் நிறம் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: பர்பிள்ஹார்ட் மரத்தில் ஒரு பேனா கடைந்தேன். கடைந்த அன்று மங்கிய பழுப்பாக இருந்த மரம், சில நாட்களில் பளிச்சென்ற ஊதாவாக மாறியது. ஓராண்டாகச் சட்டைப்பையிலும் மேசையிலும் இருந்தபின், இப்போது மீண்டும் பழுப்பாகிவிட்டது. கிளிப்புக்கு நேர் கீழே மட்டும் ஒரு மெல்லிய ஊதாக் கோடு எஞ்சியிருக்கிறது. மரம் கெட்டுவிட்டதா? பழைய நிறத்தை மீட்க முடியுமா?

பதில்: மரம் கெடவில்லை. கிளிப்பின் கீழே எஞ்சியிருக்கும் அந்தக் கோடே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: வெளிச்சம் படாத இடத்தில் ஊதா தங்கியிருக்கிறது, பட்ட இடத்தில் போய்விட்டது. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வளரும் இம்மரத்தின் வைரப்பகுதியில் நிறமற்ற பீனால் வகைச் சேர்மங்கள் உள்ளன; வெட்டிய பரப்பில் காற்றும் வெளிச்சமும் படும்போது அவை ஊதா நிறமிகளாக மாறுகின்றன. ஆனால் அந்த மாற்றம் அத்துடன் நிற்பதில்லை. புற ஊதாக் கதிர்கள் தொடர்ந்து படும்போது, ஒருபக்கம் அந்த நிறமிகள் சிதைகின்றன; மறுபக்கம், எல்லா மரங்களிலும் இருக்கும் லிக்னின் என்னும் பொருள் கதிர்களை உறிஞ்சி உடைந்து, மஞ்சளும் பழுப்புமான புதிய சேர்மங்களைத் தருகிறது. நீங்கள் பார்த்த பழுப்பு, ஊதா, பழுப்பு என்ற வரிசை இந்த மரத்துக்கு இயல்பானதே. முதல் பழுப்பும் கடைசிப் பழுப்பும் ஒன்றல்ல. கடைசியில் வருவது அடர்ந்தது, என் கண்ணுக்கு அதுவும் அழகானதே.

மீட்க முடியும், ஆனால் நிரந்தரமாக அல்ல. புற ஊதாக் கதிர்கள் மரத்துக்குள் ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு மேல் செல்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட 200 மைக்ரோமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. எனவே மெல்லிய உப்புத்தாளால் மேற்பரப்பைச் சிறிது தேய்த்தெடுத்தால் உள்ளிருக்கும் புதிய மரம் வெளிப்பட்டு, சில நாட்களில் மீண்டும் ஊதாவாகும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பேனாவின் மரச்சுவர், முனைகளில் உள்ள உலோக வளையங்களோடு சமமாக நிற்கும்படி கடையப்பட்டிருக்கும். பொருத்திய நிலையிலேயே தேய்த்தால் மரம் தாழ்ந்து, வளையத்தின் விளிம்பு விரலில் இடறும். பாகங்களைக் கழற்றி, தேய்த்து, நிறம் வரும்வரை காத்திருந்து, மெருகுப் பூச்சின் கனத்தால் அந்தக் குறையை ஈடுசெய்த பிறகே மீண்டும் பொருத்த வேண்டும். ஊதாவை விரைவில் வரவழைக்க மரத்தை அடுப்பில் சூடாக்குவோரும் உண்டு. மரத்தின் உள்ளே பொருத்தும் பித்தளைக் குழாயை ஒட்டுவதற்கு முன் அதைச் செய்யலாம். ஒட்டியபின் சூடாக்கினால் பசை இளகவும், குழாய் விரிந்து மரம் வெடிக்கவும் இடமுண்டு.

கேள்வி: நல்ல பூச்சு ஒன்றைப் பூசினால் நிறம் மாறாமல் தடுக்கலாமா?

பதில்: தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. சூப்பர் குளூ வகைப் பூச்சு கண்ணாடிபோல் கெட்டியாகி, காற்றையும் கை வியர்வையையும் பெருமளவு விலக்கிவிடுகிறது; ஆனால் நிறத்தைக் காட்ட ஒளியை உள்ளே விடும் எந்தப் பூச்சும், நிறத்தை மாற்றும் ஒளியையும் ஓரளவு உள்ளே விட்டே தீரும். புற ஊதாவை உறிஞ்சும் பொருள் கலந்த வார்னிஷ் ஓரளவு உதவும்; அந்தப் பொருளும் காலப்போக்கில் வலுவிழக்கும். ஆளி விதை எண்ணெயோ தானே மஞ்சளாகும் இயல்புடையது. மேப்பிள் போன்ற வெளிர் மரத்தில் அதைப் பூசிவிட்டு, மரம் மஞ்சளாகிவிட்டது என்று வருந்துவதில் பொருளில்லை. வெளிர் மரங்களுக்கு நீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் பூச்சே என் தேர்வு. மற்றபடி, ஜன்னலோரத்தில் பேனாவைக் கிடத்தி வைக்காமல் இருப்பதே பூச்சுகளைவிட அதிகப் பயன் தரும். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாவின் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது.

கேள்வி: எல்லா மரங்களும் நாளாக ஆகக் கறுக்குமா?

பதில்: இல்லை. செர்ரி வெளிர் இளஞ்சிவப்பிலிருந்து ஆழ்ந்த செம்பழுப்புக்குச் செல்கிறது. சில வாரங்களிலேயே வேறுபாடு தெரியும். பலாவின் பளிச்சென்ற மஞ்சள் பொன்பழுப்பாகிறது. தேக்கு, அறுத்தவுடன் திட்டுத்திட்டாகத் தோன்றினாலும், வெளிச்சம் பட்டபின் ஒரே சீரான நிறத்துக்கு வருகிறது. கறுப்பு வால்நட் இதற்கு நேர்மாறாக, ஆண்டுகள் செல்லச்செல்ல வெளிறித் தேன் நிறம் கொள்கிறது. லிக்னம் விட்டே என்னும் மரம் பச்சையாகிறது. கருங்காலியில் மட்டும் மாற்றம் மிகக் குறைவு. கடைவதற்கு முன், மிஞ்சிய துண்டு ஒன்றின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி ஜன்னலில் வைத்துப் பாருங்கள். பேனாவைப் பரிசளிக்கும் நாளில் அது எப்படி இருக்கும் என்பதைவிட, அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்பதை அது காட்டிவிடும்.

கேள்வி: சிவப்புப் படாக் மரத்தையும் வெள்ளை மேப்பிளையும் இணைத்துக் கடைந்தேன். மேப்பிள் முழுவதும் ரோஜா நிறக் கறை படிந்துவிட்டது. ஏன்?

பதில்: படாக்கின் நிறமி ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரையும். தேய்த்த தூளை அவற்றில் நனைத்த துணியால் துடைத்திருந்தால், கரைந்த சிவப்பு மேப்பிளின் நுண்துளைகளில் இறங்கியிருக்கும். தூளை அழுத்தக் காற்றால் ஊதி நீக்குங்கள். தேய்க்கும்போது வெள்ளையிலிருந்து சிவப்பை நோக்கியே உப்புத்தாளை நகர்த்துங்கள். முதல் பூச்சை மெல்லியதாக இட்டு உலரவிடுங்கள். படாக்கின் அந்தச் சிவப்புக்காகத்தான் இந்த இணைப்பு என்றால், அது சில ஆண்டுகளில் கரும்பழுப்பாகும் என்பதையும், மேப்பிள் மஞ்சளாகும் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். கருமைக்கும் வெளிர்மைக்கும் உள்ள வேறுபாடு நிலைக்கும், சிவப்பு நிலைக்காது.