வாசகர் கேள்வி பதில்: காசைக் கடித்தது யார்?

கேள்வி: செம்பருத்திப் பூவும் வெற்றிலைப் பெட்டியும் போட்ட பழைய மலேசிய 20 காசு கிடைத்தது. ஓரத்தில் பிறைபோல் ஒரு துண்டு இல்லை. நகைக்கடைத் தராசில் 5.2 கிராம். அச்சுப் பிழையா, யாராவது அறுத்ததா?
– வாசகர், பாஹாவ்

பதில்: அந்த வகையின் முறையான எடை 5.66 கிராம், விட்டம் 23.59 மில்லிமீட்டர். ஆனால் எடைக் குறைவு சாட்சியாகாது. அரம் போட்டு ராவினாலும் எடை குறையும்.

பிறைக்கு நேர் எதிர் ஓரத்தைப் பாருங்கள். அச்சடிக்கும் முன், படம் பதியாத வெற்று உலோக வில்லையை உருட்டி, நெருக்கி, விளிம்பை எழுப்புவார்கள். ஒரு பக்கம் துண்டு இல்லையென்றால், அது உருளும் நேரத்தில் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது. அங்கே விளிம்பு மங்கியோ தட்டையாகவோ இருந்தால் பெரும்பாலும் அசல் அச்சுப் பிழை. வெட்டு மிகச் சிறிதானால் இந்த அடையாளம் தெரியாமலும் போகலாம்.

அடுத்து, இன்னொரு 20 காசைப் பிறையின் வளைவில் வைத்துப் பாருங்கள். தகட்டில் ஏற்கெனவே வில்லை வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக்கருவி மறுபடி இறங்குவதால் வரும் பிழை இது. ஆகவே வளைவு ஏறக்குறையப் பொருந்த வேண்டும். பிறகு லென்ஸ். அசலில் வெட்டுக்கு அருகிலுள்ள எழுத்து வெட்டை நோக்கி இழுபட்டு மங்கும். அறுத்ததில் எழுத்து பளிச்சென்று பாதியில் நிற்கும், அரத்தின் கீறலும் தெரியும்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அசலாகவே இருந்தாலும் சேகரிப்பவர் தொடமாட்டார்.

கேள்வி: அதே வகை 20 காசு, ஆனால் சற்றுச் சின்னது. விளிம்பு தடித்து உள்ளே மடங்கியிருக்கிறது. அபூர்வமா?
– வாசகி, பீடோர்

பதில்: இல்லை. அச்சடிக்கும்போது காசைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் இல்லாமல் போனால் காசு அகலும், சுருங்காது. உங்களுடையது சுயசேவை டோபிக் கடை உலர்த்தும் இயந்திரத்தில் சிக்கியதாக இருக்கலாம். உருளையின் இடுக்கில் மாட்டி மணிக்கணக்கில் தட்டுப்பட்டால் விளிம்பு உள்நோக்கிச் சுருளும். பக்கவாட்டைப் பாருங்கள்: நெருக்கமான கோடுகள் அழிந்து வழவழப்பாக இருக்கும். விளிம்பையொட்டிய எழுத்துகளை மடிப்பு மூடியிருக்கும், நடுவிலுள்ள படத்துக்கு மட்டும் அதிகச் சேதம் இராது.