ஊர் நிலத்தில் சீமைக் கருவேலம்: வெட்டியும் ஏன் தழைக்கிறது?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். பரமக்குடி பக்கம் அப்பா விட்டுச்சென்ற மூன்று ஏக்கரும் கருவேல முள்ளாகிவிட்டது. போன வருடம் ஒருவர் விறகுக்காகக் காசு வாங்காமல் வெட்டித் தந்தார். இப்போது முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: விறகுக்கு வெட்டுபவர் தரைக்கு மேலேதான் வெட்டுவார். சீமைக் கருவேலம் துளிர்க்கும் இடமோ, தண்டும் வேரும் சேரும் அடித்தூர். அதை விட்டுவைத்தால் ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு கிளம்பும். ஓர் அடி ஆழம் தோண்டி அந்தத் தூரை எடுத்துவிடுங்கள். பெரிய மரத்துக்கு ஜேசிபிதான் சரி.

அதற்கு முன், ஊரில் யாரையாவது வாட்ஸ்அப் வீடியோவில் நிலத்தைச் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள். முள் மரமெல்லாம் சீமைக் கருவேலம் இல்லை. பூ மஞ்சள் உருண்டையாகவும் காய் மணி கோத்ததுபோலவும் இருந்தால் அது நம் நாட்டுக் கருவேலம். சீமையின் பூ வால்போல நீண்டிருக்கும், காய் பீன்ஸ் மாதிரி. நம் நாட்டு மரமான வன்னியையும் தவறி வெட்டிவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம். சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு அது, பூவும் ஒரே சாயல். முள்ளைப் பாருங்கள்: சீமையில் இலை கிளம்பும் கணுவில் பெரும்பாலும் ஜோடியாக இருக்கும், வன்னியில் கணுக்களுக்கு நடுவே சிறிதாகச் சிதறியிருக்கும். வன்னி இருந்தால் வண்டி இறங்குமுன் அதில் துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையால் மண் இளகியிருக்கும். சின்னக் கன்றுகள் வேரோடு வந்துவிடும், ஆள் வைத்துப் பிடுங்குங்கள். ஆனால் கரிசல் மண்ணாக இருந்தால் அந்த ஈரத்தில் ஜேசிபி புதையும். அந்த வேலையை மாசிக்கு ஒத்திவைப்பது நல்லது. வரப்பில் பார்த்தீனியக் களை இருந்தால் பூக்குமுன் பிடுங்க வேண்டும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு. சிலருக்குத் தோல் கடுமையாக அரிக்கும்.

நீண்ட வேலை விதைதான். ஆடு மாடு காயைத் தின்னும். விதை சாணத்தோடு வெளியே வந்து முளைக்கும். மண்ணில் பல வருடம் உயிரோடும் கிடக்கும். இங்கே சிங்கப்பூர்க் காட்டோரங்களில் சான்சிபார் வள்ளிக்கொடியை அகற்றுபவர்கள் இதேபோன்ற சிக்கலைப் பார்த்திருப்பார்கள்: கொடியை அறுத்துவிட்டு, அதில் காய்த்து உதிர்ந்த சிறு கிழங்குகளைப் பொறுக்காமல் விட்டால் ஒவ்வொன்றும் புதுக்கொடியாகும். அதனால் கையிலுள்ள பணத்தை முதல் வருடமே ஜேசிபிக்குக் கொட்டிவிடாதீர்கள். பாதியை எடுத்துவைத்து, அடுத்த இரண்டு மூன்று மழைக்காலமும் கன்று பிடுங்க ஆளுக்குக் கொடுங்கள்.

அப்புறம், சுத்தம் செய்த நிலத்தை வெறுமனே போடக் கூடாது. மானாவாரியாக எதையாவது விதைக்கச் சொல்லுங்கள், அல்லது குத்தகைக்கு விடுங்கள். அதுவும் முடியாவிட்டால், சுத்தமான பகுதியில் இந்த மழையிலேயே வேம்பு, புங்கன் கன்றுகளை நட்டு, ஆடு புகாதபடி வேலி போட்டுவிட்டு வாருங்கள்.